சத்த டீச்சர்

அவளுடைய பெயரை எழுத மாட்டேன். எழுதினால் மூணாறு மலையில் பள்ளிவாசல் எஸ்டேட் பக்கத்தில் இன்றைக்கு அறுபதை ஒட்டி இருக்கிற பாதிப் பேர், "ஐயோ, எங்க டீச்சரா!" என்று நெஞ்சில் கை வைப்பார்கள். அந்தச் சந்தோஷத்தை என் கையால் அவர்களுக்குக் கொடுக்க மனசு வரவில்லை. அதே எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் நான் பத்தொன்பது வருஷம் வேலை பார்த்தேன். என் பெயரைச் சொன்னால், "தையல் டீச்சரா? ஆமா, இருந்தாங்க" என்பார்கள். அவள் இருந்தது ஒரே ஒரு வருஷம்.

'அவர்' என்று மரியாதையாகத்தான் எழுத வேண்டும். கை வர மாட்டேன் என்கிறது.

எழுபதுகளின் நடுவில் ஒரு ஜூன் மாதம், பள்ளிக்கூடம் திறந்த வாரத்தில், தற்காலிக டிரில் டீச்சராக வந்து சேர்ந்தாள். மதுரைப் பக்கத்துக்காரி. இருபத்தாறு இருபத்தேழு வயது இருக்கும். நெடுநெடுவென்று உயரம். புடவையைக் கணுக்காலுக்கு மேல் ஏற்றிச் செருகிக்கொண்டு, காலில் வெள்ளைக் கான்வாஸ் ஷூ. அடைமழைக் காலத்தில் எங்கள் எஸ்டேட்டில் வெள்ளையாக இருந்தவை அந்த இரண்டு ஷூக்கள் மட்டும்தான். சாக்குக்கட்டியைக் குழைத்துப் பூசி அடுப்புக்குப் பக்கத்தில் காயவைப்பாள். டீச்சர்களுக்கான வீட்டில் அடுத்த பாதியை அவளுக்குக் கொடுத்திருந்தார்கள். நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். வந்த அன்றைக்கே கதவைத் தட்டி, "அக்கா, கொஞ்சம் மொளகு இருக்குமா?" என்றாள். நான் அவளைவிட ஒன்பது வயது மூத்தவள்தான். இருந்தாலும் அக்கா என்று கூப்பிட இவளுக்கு யார் சொன்னது என்று உள்ளே சுருக்கென்றது. மிளகைக் கொடுத்தேன்.

மிளகு எதற்கு என்று மறுநாள் தெரிந்தது.

எங்கள் எஸ்டேட்டில் சமதரை என்று ஒன்று இருந்தால் அது பெரட்டுக்களம்தான். விடியற்காலையில் தொழிலாளிகளை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிட்டு, இன்றைக்கு உனக்கு எந்த மலை, உனக்கு எந்தக் காடு என்று பிரித்து அனுப்புகிற இடம். நேரம் கழித்து வந்தவர்களைக் கங்காணி வாய்க்கு வந்தபடி ஏசுவதும் அங்கேதான். மற்றபடி எல்லாம் சரிவு. பிள்ளைகளும் சரிவிலேயே பிறந்து சரிவிலேயே நடந்தவர்கள். முன்னால் குனிந்து, எட்டு சின்னதாக வைத்து, கால் வைக்கிற இடத்தைப் பார்த்துப் பார்த்து நடப்பார்கள். அம்மாமார் கொழுந்துக்கூடையைத் தலைக்கயிற்றில் மாட்டி முதுகில் தொங்கவிட்டு நடப்பதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள். கூடை இல்லாமலே அதே நடை இவர்களுக்கும் வந்துவிட்டது. இப்படிப்பட்ட முப்பத்திரண்டு பேரை அந்தச் சமதரையில் நிறுத்தி, ஆகஸ்ட் பதினைந்துக்கு மூணாறு கிரவுண்டில் நெஞ்சை நிமிர்த்தி நடக்கவைக்க வேண்டும். அதுதான் அவளுக்கு இட்ட வேலை.

முதல் நாள் சாயங்காலம் நான் ஐந்தாம் வகுப்பு ஜன்னலோரம் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தேன். திடீரென்று ஒரு சத்தம். கையிலிருந்த ஊசி விரலில் ஏறிவிட்டது.

"ஏய்! மூணாவது வரிசை! காலு எங்கடா? லயத்துல மறந்து வச்சிட்டு வந்துட்டியா? ஓடிப் போயி எடுத்திட்டு வா!"

அது பெண் குரல் என்று நம்பவே கொஞ்ச நேரம் பிடித்தது. எதிர்மலையில் தேயிலைச் செடிகளைக் கவாத்து வெட்டிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். இவள் நிறுத்தவில்லை.

"தொண்டை எனக்கு நோவுதுல்ல? காலு ஒங்களுக்கு நோவட்டும்! லெப்ட்டு! ரைட்டு!"

அந்த வருஷம் முழுக்க அவள் வாயில் இருந்தது இந்த வசனம்தான். காலையில் லயத்து வரிசை வீடுகளின் குழாயடியில் தண்ணீர் பிடிக்கும்போது குஞ்சும் குளுவானும் இதைச் சொல்லிக்கொண்டே குதிக்கும்.

நான் பிள்ளைகளை அதட்டியதே இல்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை, பெருமையாகத்தான் இருந்தது என்றாலும். என் அப்பா இதே மலையில் மருந்தடிக்கிற வேலை பார்த்தவர். எனக்கு எட்டு வயதிருக்கும்போது பெரட்டுக்களத்தில் நூறு பேருக்கு முன்னால் அவரை ஒரு கங்காணி ஏசியதைப் பார்த்தேன். அப்பா தலையைக் குனிந்துகொண்டு, காலால் ஒரு கல்லை உருட்டிக்கொண்டே நின்றார். அன்றைக்கே முடிவு செய்தேன், நான் யாரையும் இப்படிச் சத்தம் போட மாட்டேன் என்று. மெதுவாகப் பேசியே படித்தேன், மெதுவாகப் பேசியே டீச்சரானேன், மெதுவாகப் பேசியே என் ஒரே மகள் மல்லிகாவை வளர்த்தேன்.

மல்லிகாவுக்கு அப்போது பத்து வயது. அணியில் அவளும் இருந்தாள். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ அவளுக்கும் விழுந்தது.

"மல்லிகா! கழுத்துல என்னடி தொங்குது, கொழுந்துக்கூடையா? எறக்கி வையிடி அத! எறக்கி வச்சிட்டு நட!"

தையலைப் போட்டுவிட்டு எழுந்து நின்றேன். பிள்ளை அழப்போகிறாள், ஓடிப்போய்த் தூக்கிக்கொள்ளலாம் என்று பார்த்தேன். மல்லிகா இரண்டு கையையும் நெற்றிக்குக் கொண்டுபோனாள். இல்லாத தலைக்கயிற்றைக் கழற்றினாள். இல்லாத கூடையை முதுகிலிருந்து இறக்கித் தரையில் வைத்தாள். நிமிர்ந்தாள். முகம் முழுக்கச் சிரிப்பு. என்னிடம் அவள் அப்படிச் சிரித்ததில்லை. அந்த நிமிஷம் என் வயிற்றில் பற்றிய நெருப்பு, உள்ளதைச் சொன்னால், இன்னும் முழுசாக அணையவில்லை.

அதற்குப் பிறகு வீட்டில் என் பாடு திண்டாட்டமாகிவிட்டது. "மல்லிகா, ஒரு குடம் தண்ணி எடுத்துட்டு வாம்மா" என்று நான் மூன்று தடவை சொல்ல வேண்டும். அதே பெண் சாயங்காலம் டிரில் முடிந்து வந்ததும் சொல்லாமலே அம்மியில் உட்கார்ந்து மிளகு தட்டுவாள். என் மிளகு, என் அம்மி. பாலில் பனங்கற்கண்டோடு போட்டு, தம்ளரை முந்தானையில் பிடிப்பதுபோலப் பாவாடை நுனியில் பிடித்து, பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் கொண்டுபோவாள்.

"எனக்குந்தான் தொண்டை கட்டியிருக்கு" என்றேன் ஒருநாள்.

"நீங்க எங்கே யம்மா தொண்டையில பேசுதீங்க?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், வீட்டுக்குள் அவளிடம் சத்தமே கிடையாது. பக்கத்து வீட்டில் இடிமுழக்கத்தைக் குடிவைத்திருக்கிறார்களே என்று நான் பயந்ததெல்லாம் வீண். சட்டி பானை உருட்டுகிற ஓசைகூட வராது. மல்லிகா அந்தப் பக்கம் போனால் என்னதான் செய்கிறார்கள் என்று ஒருநாள் பலகையில் காதை வைத்தேன். வெட்கமில்லாமல்தான் வைத்தேன். "ஒண்ணு... ரெண்டு... ஒண்ணு... ரெண்டு..." தொட்டில் ஆட்டுகிற குரலில் அவள் எண்ணிக்கொண்டிருந்தாள். நின்ற இடத்திலேயே மல்லிகா கால் மாற்றிக்கொண்டிருந்தாள். பலகைத் தரை அதிர்ந்து என் பக்கத்துச் சமையலறையில் தம்ளர்கள் கிணுகிணுத்தன. அந்த மென்மையான குரல் அவளிடம் இருப்பது எனக்கு இன்னும் மோசமாகப் பட்டது. என்னிடம் இருந்ததே அது ஒன்றுதான், அதுவும் அவளிடம் இருந்தது.

ஒருமுறை நேராகவே கேட்டேன். "பிள்ளைகள இப்படிக் கத்தலாமா? மெதுவா சொன்னா கேக்காதா?"

அவள் யோசித்துத்தான் பதில் சொன்னாள். "மெதுவா சொன்னா மலை வாங்கிக்கிருதுக்கா. புள்ளைங்களுக்கு மிச்சம் வர மாட்டேங்குது."

கோபப்படவும் வழியில்லை.

ஜீப் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு சாயங்காலம் தொரை, அதாவது எஸ்டேட் மேனேஜர், தன் ஜீப்பைப் பெரட்டுக்களத்தின் குறுக்கே ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். பிள்ளைகள் நடந்துகொண்டிருந்தார்கள். இவள் திரும்பியே பார்க்கவில்லை. ஹாரன் சத்தம் வந்த பக்கம் கையை நீட்டி, "ஏய் ஜீப்பு! ஓரமா நில்லு! வரிசை போவுதுல்ல?" என்று ஒரு போடு போட்டாள். ஜீப் நின்றது. முப்பத்திரண்டு பிள்ளைகளும் தொரைக்கு முன்னால் லெப்ட்டு ரைட்டு என்று கடந்து போனார்கள். பெரட்டுக்களத்தில் தொரை சத்தம் கேட்டு மற்றவர்கள் நிற்பதுதான் வழக்கம். மற்றவர் சத்தத்துக்குத் தொரை நின்றது அன்றுதான். எஸ்டேட் முழுக்க ஒரு மாதத்துக்கு அதுதான் பேச்சு. ஆபீஸில் கிளார்க்காக இருந்த என் வீட்டுக்காரர் சாப்பிட உட்காரும்போதெல்லாம், "ஏய் ஜீப்பு!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நான் ரசத்தை அவர் இலையில் இல்லாமல் மடியில் ஊற்றினேன். கை தவறிவிட்டது என்றேன்.

ஜூலைக் கடைசியில் மல்லிகாவை அணிக்கு முன்னால் கொடி பிடிக்கிறவளாக ஆக்கினாள். பெற்றவளுக்குப் பூரிப்பாகத்தானே இருக்க வேண்டும்? செய்தியை எனக்குச் சொன்னது குழாயடியில் ஒரு பெண். "ஒங்க மக கொடி பிடிக்கப் போவுதாமே டீச்சர், தெரியாதா?" என்றாள். மகள் முதலில் மிளகுப்பாலோடு அந்த வீட்டுக்குப் போய்க் கொண்டாடிவிட்டு அப்புறம்தான் என்னிடம் வந்தாள். "தெரியும்" என்றேன் மகளிடமும்.

முருகேசன் விஷயம் வந்தது அதே வாரத்தில்தான்.

முருகேசனுக்கு இடது காலை வைத்தால் இடது கையும் கூடவே போகும். வலது காலோடு வலது கை. டிரில் சொல்லிக்கொடுத்த யாருக்கும் இது தெரியும், சில பிள்ளைகளுக்கு எண்ண ஆரம்பித்தால் உடம்பு கட்டிக்கொள்ளும். அவள் ஆறு நாள் அவனைச் சத்தம் போட்டாள். "முருகேசா! கையும் காலும் என்ன அண்ணன் தம்பியா? பிரிச்சு விடுடா!" மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். முருகேசனும் முதல் நாள் சிரித்தான். ஆறாம் நாள் சிரிக்கவில்லை. ஏழாம் நாள் அவனைக் காணவில்லை. தேடிப் போனவர்கள் சாயங்காலம் தேயிலைச் செடிக்கு அடியில் கண்டுபிடித்தார்கள். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டிருந்தானாம்.

அவனுக்காக எனக்கு வருத்தம் இருந்தது, பொய் இல்லை. அப்பா கல் உருட்டியது ஞாபகம் வந்தது, அதுவும் பொய் இல்லை. ஆனால் முதலில் என் நெஞ்சுக்குள் வந்தது 'மாட்டினாள்' என்கிற ஒற்றைச் சொல். மற்ற இரண்டும் அதற்குப் பின்னால்தான் வந்தன.

அன்றைக்கே லயத்துக்குப் போய் முருகேசனுடைய அப்பாவைப் பார்த்தேன். கல்லு மாதிரி உடம்பு, அதிகம் பேசாத மனுஷன். நான் ஒன்றும் தூண்டிவிடவில்லை, விசாரித்தேன், அவ்வளவுதான். எப்படி விசாரிக்க வேண்டும் என்று எனக்குத் தெரியாதா என்ன?

"பையன் என்ன சொல்லுதான் அண்ணாச்சி?"

"என்னத்தச் சொல்ல? 'அம்மாவ கங்காணி இப்படித்தான் கத்துவாரு'ன்னு சொல்லுதான்." தலைத்துண்டை அவிழ்த்து உதறினார். "காலையில எங்கள ஏசுத அதே களத்துல சாயங்காலம் எங்க புள்ளையளயும் ஏசுதாக. புள்ளையளாவது ஏச்சு வாங்காம இருக்கட்டும்னுதான டீச்சர் பள்ளிக்கூடம் அனுப்புதோம்?"

அந்த வார்த்தை நியாயமான வார்த்தை. அதை அப்படியே காகிதத்தில் மனுவாக எழுதினேன். பதினான்கு பேர் ரேகை வைத்தார்கள். எழுதியது நியாயம்தான், எழுதிய கைதான் சுத்தமான கை இல்லை.

ஹெட்மாஸ்டர் கூட்டம் போட்டார். அவர் தொடுபுழைப் பக்கத்து மலையாளி, தமிழும் மலையாளமும் கலந்து பேசுவார். மனுவை வாசித்துவிட்டு, "டீச்சரே, ஆகஸ்ட் பதினைந்து பரிபாடிக்கு இனி பன்னிரண்டு திவசந்தான் இருக்கு. ஒரு பிரச்சினையும் வேண்டா. நிங்க என்ன சொல்றீங்க?" என்று அவளிடம் காகிதத்தை நீட்டினார்.

அவள் வாசித்தாள். வாசித்து முடித்த பிறகும் காகிதத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். குண்டு குண்டான என் கையெழுத்து. தினமும் தையல் வகுப்புக் கரும்பலகையில் அவள் பார்க்கிற எழுத்துதான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன். போட்டிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். அவள் எழுந்து முருகேசனுடைய அப்பாவுக்கு முன்னால் போய் நின்றாள்.

"கங்காணி மாதிரின்னு புள்ள சொன்னானா அண்ணாச்சி?"

"ஆமாம்மா."

"எனக்கு அது தோணல. தப்புதான். இனிமே சத்தம் போட மாட்டேன்." பிறகு கழுத்தில் கிடந்த விசிலைக் கழற்றி என் பக்கம் நீட்டினாள். "விசில நீங்களே ஊதுங்க. நான் கூட நிக்கேன், டீச்சர்."

அக்கா போய்விட்டது. டீச்சர் ஆகிவிட்டேன். அதற்குத்தானே ஆசைப்பட்டேன், எடுத்துக்கொள்ள வேண்டியதுதானே? விசில் அவள் கழுத்துச் சூட்டோடு என் உள்ளங்கையில் கிடந்தது.

பன்னிரண்டு நாளும் நான்தான் விசில் ஊதினேன். ஒரு ஊதலுக்கு நடை, இரண்டு ஊதலுக்கு நில். அவள் வாயைத் திறக்கவில்லை. முருகேசனுக்குப் பக்கத்திலேயே நடந்தாள். அவன் வலது கையைப் பிடித்து இடது காலோடு சேர்த்து ஆட்டி ஆட்டி நடந்தாள். ஐந்தாவது நாள் அவன் கையும் காலும் தானாகப் பிரிந்தன. அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். சத்தம் நின்றதால் அந்தப் பிள்ளைக்கு நல்லதுதான் நடந்தது.

மல்லிகாதான் வாடிப்போனாள். மிளகு தட்டுகிற வேலையும் நின்றுபோயிருந்தது. "சத்தமே போடலியே, எனக்கெதுக்குப் பாலு?" என்று திருப்பி அனுப்பிவிட்டாளாம். ஒருநாள் தலை வாரிக்கொண்டிருக்கும்போது மல்லிகா கேட்டாள்.

"யம்மா, டீச்சர் இப்ப என்னய ஏசவே மாட்டேங்காங்க. நான் நல்லா நடக்கலியா?"

"நல்லா நடக்கதாலதான் ஏசல."

"இல்ல. என்னயப் பாக்கவே இல்ல போல" என்றாள்.

நான் தினமும் அவளைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அது கணக்கில் வரவில்லை.

ஆகஸ்ட் பதினைந்து காலை மூணாறு கிரவுண்டில் ஏழு பள்ளிக்கூடங்கள். தூறல். கூட்டம் சாக்கைத் தலைக்குக் கவிழ்த்துக்கொண்டு கயிற்றுக்கு வெளியே நின்றது. மேடையில் பெரிய அதிகாரிகள். எங்கள் அணி மேடையைத் தாண்டும்போது பார்க்க அழகாக இருந்தது. கொடியோடு மல்லிகா, நாலு நாலு பேராகப் பின்னால் வரிசை. நான் விசிலைப் பல்லில் கடித்துக்கொண்டு பெருமையில் மிதந்தேன். மேடையைத் தாண்டி, ஆற்றோரத்து முனையில் திரும்பி, மறுபடி வந்து நிற்க வேண்டும்.

அந்த முனையில் அணி திரும்பும்போது மூடுபனி இறங்கியது. எங்கள் ஊரில் அது வருவது அப்படித்தான், கண்ணை மூடித் திறப்பதற்குள் மலை இருக்காது, மரம் இருக்காது. கிரவுண்டில் பாதி இல்லாமல் போயிற்று. பிள்ளைகளும் இல்லை. பயப்படவில்லை நான். இரண்டு தடவை விசில் ஊதினேன், நில்.

பனிக்குள்ளிருந்து இன்னொரு விசில் கேட்டது. அப்புறம் இன்னொன்று. வலது பக்கம் ஒன்று, ஆற்றுப்பக்கம் ஒன்று. ஏழு பள்ளிக்கூடத்துக்கும் டவுனில் ஒரே கடையில் வாங்கிய ஒரே மாதிரி விசில். ஒவ்வொரு டீச்சரும் தன் பிள்ளைகளை நிறுத்தவும் நடத்தவும் ஊதிக்கொண்டிருந்தார்கள். அத்தனை ஊதலுக்கும் எங்கள் பிள்ளைகள் நான் பழக்கிய மாதிரியே நின்றார்கள், நடந்தார்கள், நின்றார்கள், நடந்தார்கள். எந்தப் பக்கம் போனார்கள் என்று தெரியவில்லை. பனிக்குள் யாரோ ஒரு பிள்ளை அழ ஆரம்பித்தது. ஆறு நிறைந்து ஓடிக்கொண்டிருந்தது.

விசிலைத் துப்பிவிட்டு, "மல்லிகா!" என்று கத்தினேன். கத்தினேன் என்பது என் நினைப்பு. வெளியே வந்தது ஒரு இருமல். முப்பத்தைந்து வயதில் முதல் முறையாகத் தொண்டையைத் திறந்தால் என்ன வரும்? இரண்டாவது தடவை கொஞ்சம் வந்தது. அது என் குரல் என்று பிள்ளைகளுக்கு எப்படித் தெரியும்? அவர்கள் அதைக் கேட்டதே இல்லை. என் மகளும் கேட்டதில்லை.

அவள் என் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். வெள்ளை ஷூ சேற்றில் புதைந்து கிடந்தது. இரண்டு கையாலும் புடவையை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"சத்தம் போடுங்க" என்றேன்.

"போட மாட்டேன்னு சொல்லிட்டேன், டீச்சர்."

"நான் சொல்லுதேன், போடுங்க! உங்க காலுல வேணா விழுறேன்."

அவள் என்னைப் பார்க்கவில்லை. கயிற்றுக்கு வெளியே சாக்கோடு நின்ற முருகேசனுடைய அப்பாவைப் பார்த்தாள். "அண்ணாச்சி, போடட்டுமா?"

"போடும்மா! புள்ளையளக் காங்கலியே, போடு!"

அவள் மூச்சை இழுத்தாள்.

"ஏய்! காலு எங்க? லயத்துல வச்சிட்டு வந்துட்டீங்களா? மல்லிகா! அந்தக் கூடைய எறக்கி வையிடி மொதல்ல!"

பிறகு பனிக்குள்ளிருந்து சிரிப்பு கேட்டது. முதலில் ஒரு பிள்ளை, அப்புறம் பத்துப் பிள்ளை. அழுகை நின்றுபோனது.

"சிரிப்பு வேறயா? தொண்டை எனக்கு நோவுது! லெப்ட்டு! என் சத்தத்தப் பாத்து வா! முருகேசா, நீ நல்லா நடக்கடா, ஒன் பின்னால வர்றவனையும் இழுத்துட்டு வா! ரைட்டு! லெப்ட்டு!"

காலடி கேட்டது. கலைந்து கேட்டது, சேர்ந்து கேட்டது, கடைசியில் ஒரே காலடியாகக் கேட்டது. பனியைக் கிழித்துக்கொண்டு முதலில் கொடி வந்தது, கீழே மல்லிகா. கழுத்து நிமிர்ந்து, முகம் முழுக்கச் சிரிப்பு. நான் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு முன்னால் ஓடினேன். என் கைக்கு ஒரு முழ தூரத்தில், கண்ணை என் பக்கம் திருப்பாமல், அந்தச் சத்தத்தைப் பார்த்துக்கொண்டே என்னைத் தாண்டிப் போனாள்.

அணியில் நடக்கிற பிள்ளை அம்மாவைப் பார்க்கத் திரும்பக் கூடாது. அது டிரில் விதி. இத்தனை வருஷமாக நான் எனக்குச் சொல்லிக்கொள்வது அதுதான்.

அணிநடைப் பரிசு வேறு பள்ளிக்கூடத்துக்குப் போனது. அடுத்த மே மாதத்தோடு அவளுடைய தற்காலிக வேலையும் முடிந்தது. பஸ் ஏறும்போது லயம் லயமாகப் பிள்ளைகள் வந்து நின்றன. முருகேசன் பெட்டியைத் தூக்கிக் கொடுத்தான். மல்லிகா ஒரு பொட்டலம் மிளகு கொடுத்தாள், என் டப்பாவைக் காலி பண்ணி. என்னிடம், "வர்றேன் டீச்சர்" என்றாள். அக்கா என்று ஒருமுறை சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். மனுவைப் பற்றி அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவள் எங்கே போனாள் என்று எனக்குத் தெரியாது. மல்லிகாவுக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். நான் விசாரிக்கவில்லை.

பிள்ளைகளைச் சத்தம் போடலாமா கூடாதா என்று யாராவது என்னைக் கேட்டால், கூடாது என்றுதான் சொல்வேன். தேயிலைச் செடிக்கு அடியில் கையை அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த பிள்ளை எங்கள் எஸ்டேட்டுப் பிள்ளை. அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. என்னை யாரும் கேட்பதில்லை என்பது வேறு விஷயம்.

இப்போது எனக்குக் காது மந்தம். மல்லிகா பாலக்காட்டுப் பக்கம் கஞ்சிக்கோட்டில் தன் மகன் வீட்டில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போன் பண்ணுவாள். முதலில் சாதாரணமாகப் பேசுவாள். நான் பதில் சொல்ல மாட்டேன். அப்புறம் அவளுக்குப் பொறுமை போய்விடும்.

"யம்மா! மாத்திரை போட்டீங்களா இல்லியா? தொண்டை எனக்கு நோவுது! கேக்குதா?"

எதிர்மலைக்குக் கேட்கும். அந்தக் குரல் யாருடையது என்று எனக்குத் தெரியாதா?

முதல் தடவையே நன்றாகக் கேட்டுவிடுகிறது. கேட்கவில்லை என்றுதான் சொல்கிறேன். இன்னொரு தடவை என்னைச் சத்தம் போடட்டும்.